விரலுக்குத் தகுந்த வீக்கம்: ஒரு தீவு விமானக் கம்பெனியின் வரவு செலவு

மளிகைக் கடைக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நம் அங்கத்தினர்கள் கேட்கலாம். ஒரு வேனை வாங்கி ஊர் ஊராக லைன் வியாபாரம் செய்கிறவருக்கு மூன்று கேள்விகள் எப்போதும் உண்டு. எந்த அளவு வண்டி வாங்குவது? எந்த ஊர் லைனுக்குப் போவது? பழைய வண்டியை எப்போது மாற்றுவது? விமானக் கம்பெனி நடத்துகிறவரின் மேசையிலும் இதே மூன்று கேள்விகள்தான் இருக்கின்றன. வண்டி விலையில் சைபர்கள் அதிகம், அவ்வளவே. இந்த மூன்றுக்கும் ஒரு தடவை தப்பாக விடை எழுதி, பட்டபின் திருத்தி எழுதிய சிறிய கம்பெனி ஒன்றின் கணக்கைப் புரட்டிப் பார்ப்பது நமக்கு நல்லது.

அந்தக் கம்பெனியின் பெயர் ஏர் செஷல்ஸ்.

தீவும் வியாபாரமும்

ஆப்பிரிக்கக் கரைக்குக் கிழக்கே சுமார் 1,600 கிலோமீட்டர் தூரத்தில், இந்தியப் பெருங்கடலின் நடுவே இருக்கிறது செஷல்ஸ். மொத்தம் 115 தீவுகள். 2022 கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். நம் ஊர் நகராட்சி ஒன்றின் அளவுதான் அந்த நாடு. பெரும்பாலோர் மாஹே என்ற பெரிய தீவில் இருக்கிறார்கள். தலைநகர் விக்டோரியாவும் அங்கேதான்.

தமிழ் வணிகர்களுக்கு அந்த ஊர் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நம்மவர்கள் அங்கே கடை போட்டார்கள். பிள்ளை, செட்டி, நாயுடு, படையாச்சி என்ற குடும்பப் பெயர்களை இன்றும் அங்கே காணலாம். விக்டோரியா நகரில் 1992-இல் எழுந்த நவசக்தி விநாயகர் கோயில் அவர்கள் உழைப்பின் அடையாளம்.

அந்தக் காலத்தில் சரக்கும் ஆளும் கப்பலில்தான் வர வேண்டும். பம்பாய்க்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் இடையே ஓடிய கப்பல் வழியில் தொட்டுவிட்டுப் போகும். கப்பல் எப்போது வருமென்று கடைக்காரர் காத்திருக்க வேண்டியதுதான். 1971-இல் மாஹேயில் கடலைத் தூர்த்து ஓடுபாதை போட்டார்கள். அதன்பின் வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். நாட்டின் பிழைப்பே மாறியது. மீன் பிடிப்பும் உல்லாசப் பயணமும்தான் இன்று அந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தரும் இரண்டு பெரிய தொழில்கள்.

ஆகவே அங்கே விமானம் என்பது பணக்காரர் சவாரி அல்ல. பயணி வந்தால்தான் ஓட்டல் நடக்கும். ஓட்டல் நடந்தால்தான் மளிகை நகரும். பயணி வராத வருஷம் எப்படி இருக்கும் என்பதை 2020 காட்டியது. 2019-இல் 3,84,000 பேர் வந்த நாட்டுக்கு, கொரோனா வந்த 2020-இல் சுமார் 1,15,000 பேர்தான் வந்தார்கள். வந்தவர்களிலும் பெரும் பகுதி வருஷத்தின் முதல் மூன்று மாதங்களில் வந்தவர்களே. கடைத்தெருவின் நிலையை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அகலக்கால் வைத்த காலம்

செஷல்ஸ் 1976-இல் சுதந்திரம் அடைந்தது. அடுத்த ஆண்டே, சிறிய விமானங்களை வைத்துத் தீவுகளுக்கிடையே சேவை செய்துவந்தவர்களை ஒன்றாக்கி அரசாங்கம் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தது. 1983-இல் ஐரோப்பாவுக்குப் பறக்கத் தொடங்கினார்கள். 1989-இல் போயிங் 767 ரக விமானம் வந்தது. நாட்டின் கொடி தாங்கிய விமானம் லண்டனிலும் பாரிஸிலும் இறங்கியது ஜனங்களுக்குப் பெருமைதான். பெருமை கணக்கில் எந்தப் பக்கம் ஏறும் என்பதுதான் பிரச்சினை.

மாஹேயிலிருந்து பாரிஸ் சுமார் 7,800 கிலோமீட்டர். பத்து மணி நேரப் பயணம். இவ்வளவு தூரத்துக்கு ஏராளமான எரிபொருள் ஏற்ற வேண்டும். அந்த எரிபொருளின் எடையைத் தூக்கவே இன்னும் கொஞ்சம் எரிபொருள் செலவாகும். போன விமானியும் பணியாளர்களும் அன்றே திரும்ப முடியாது. வெளியூரில் தங்க வேண்டும். அதற்கு ஓட்டல் செலவு, படிச் செலவு.

கூட்டமும் வருஷம் பூராவும் ஒரே மாதிரி வராது. ஐரோப்பியர்கள் விடுமுறை எடுக்கும் காலத்தில் இடம் கிடைக்காது. மற்ற மாதங்களில் இருக்கைகள் காற்று வாங்கும். காலி இருக்கை கீரைக்கட்டு மாதிரி. இன்றைக்கு விற்காததை நாளைக்கு வைத்திருந்து விற்க முடியாது. விமானம் கிளம்பிய நிமிஷத்தில் அது குப்பைக்குப் போன சரக்கு.

இந்த நிலையில் போட்டி வந்தது. துபாயிலிருந்து எமிரேட்ஸ் 2005-இல் மாஹேக்கு வரத் தொடங்கியது. கத்தார் கம்பெனியும் வந்தது. இவர்கள் உலகத்தின் நூறு ஊர்களிலிருந்து பத்து, இருபது பேராகத் தங்கள் ஊரில் கொண்டுவந்து சேர்த்து, அங்கிருந்து ஒரே விமானத்தில் நிரப்பி மாஹேக்கு அனுப்புகிறவர்கள். பாரிஸ் கூட்டம் குறைந்தால் மாஸ்கோ கூட்டம் அந்த இடத்தை நிரப்பும். ஏர் செஷல்ஸுக்கோ பாரிஸ் விமானத்தை நிரப்பப் பாரிஸ் பயணிதான் உண்டு. மொத்த மண்டிக்காரரோடு ஒரு கடைக்காரர் விலைப் போட்டியில் இறங்கினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

இதற்கிடையே 2008-இல் செஷல்ஸ் அரசாங்கமே வெளிநாட்டுக் கடன் தவணையைக் கட்ட முடியாமல் நின்றது. அந்நாட்டு ரூபாயை மிதக்க விட்டார்கள். டாலருக்கு எதிராக அதன் மதிப்பு பாதியளவுக்குச் சரிந்தது. விமானக் குத்தகை டாலரில், எரிபொருள் டாலரில், உதிரி பாகம் டாலரில். உள்ளூரில் விற்கும் டிக்கெட்டு மட்டும் ரூபாயில். இறக்குமதிச் சரக்கு விற்கும் அங்கத்தினர்களுக்கு இந்த வலி தெரியும்.

பெரிய கை பிடித்தபோது

நஷ்டம் தாங்காமல் 2012 ஜனவரியில் ஐரோப்பிய சேவையை நிறுத்தினார்கள். அதே சமயம் அபுதாபியின் எத்திஹாத் கம்பெனி உள்ளே வந்தது. 2 கோடி டாலர் கொடுத்து 40 சதவீதப் பங்கை வாங்கியது. அதோடு 2.5 கோடி டாலர் கடனும் தந்தது. பழைய 767 விமானங்கள் போய், சுமார் 250 பேர் அமரும் ஏர்பஸ் ஏ330 விமானங்கள் வந்தன. குறுகிய தூரத்துக்கு ஏ320 விமானங்கள் வந்தன. மறுபடியும் பாரிஸ், ஹாங்காங் என்று பெயர்ப் பலகை நீண்டது. 2017-இல் ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகருக்கும் பறந்தார்கள். சில மாதங்களில் அதை நிறுத்தினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நம் அங்கத்தினர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். எத்திஹாத் அப்போது பல நாடுகளில் இதேபோல் கம்பெனிகளில் பங்கு வாங்கியிருந்தது. ஜெர்மனியின் ஏர் பெர்லின், இத்தாலியின் அலிட்டாலியா, நம் நாட்டின் ஜெட் ஏர்வேஸ் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருந்தன. இவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து 2015-இல் 70 கோடி டாலருக்கும், 2016-இல் 50 கோடி டாலருக்கும் கடன் பத்திரம் விற்றார்கள். ஏர் செஷல்ஸின் பங்கு 7.15 கோடி டாலர்.

தனியாகக் கேட்டிருந்தால் அந்தச் சிறிய கம்பெனிக்கு உலகச் சந்தையில் இவ்வளவு கடன் கிடைத்திருக்காது. பெரிய பெயரின் நிழலில் கிடைத்தது. நாட்டின் ஜனத்தொகையால் வகுத்துப் பார்த்தால், பச்சைக் குழந்தை உட்பட ஆளுக்கு 700 டாலருக்கு மேல் ஆகிறது. கடன் சுலபமாகக் கிடைப்பது வேறு, சுலபமாகத் திரும்புவது வேறு.

2017-இல் அலிட்டாலியா நொடித்தது. அதே ஆண்டு ஏர் பெர்லின் திவாலானது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. கூட்டாகக் கடன் வாங்கியவர்களில் ஒவ்வொருவராக விழ விழ, அந்தப் பத்திரத்தின் மதிப்பும் விழுந்தது. எத்திஹாத்தும் தன் கையைச் சுருக்கிக்கொண்டது. பத்திரத்தின் தவணை 2020-இலும் 2021-இலும் முடிந்தது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் உலகம் கொரோனாவால் முடங்கிக் கிடந்தது.

சுருக்கிய கை

நல்ல வேளையாக, கொரோனா வருவதற்கு முன்பே ஏர் செஷல்ஸ் தன் அளவைக் கண்டுகொண்டுவிட்டது. 2018 ஏப்ரலில் பாரிஸ் சேவையை மூடினார்கள். ஏ330 விமானங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆட்குறைப்பும் நடந்தது. சின்ன ஊரில் ஒவ்வொரு வேலை இழப்பும் தெரிந்த வீட்டில் விழும் அடி. அது கசப்பான மருந்துதான்.

பிறகு 2019 ஆகஸ்டில் புதிய ஏ320 நியோ விமானம் ஒன்றும், 2020-இல் இரண்டாவதும் குத்தகைக்கு வந்தன. முதல் விமானத்துக்கு வைத்த பெயர் வெவ். லா டீக் தீவில் வாழும் அபூர்வமான ஒரு சிறு பறவையின் பெயர் அது. முன்பு ஏ330 விமானத்துக்கு வைத்த பெயர் அல்டாப்ரா. அது பெரிய பவளத் தீவு ஒன்றின் பெயர். தீவிலிருந்து பறவைக்கு வந்ததே நல்ல மாற்றம்தான்.

இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்ததில் நான்கு கணக்குகள் இருக்கின்றன.

முதலாவது, எரிபொருள். நியோ ரகத்தில் புதிய எஞ்சின். பழைய ஏ320-உடன் ஒப்பிட்டால் ஓர் இருக்கைக்கு ஆகும் எரிபொருளில் 15 முதல் 20 சதவீதம் மிச்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. விமானச் செலவில் எரிபொருள்தான் பெரிய தலைப்பு என்பதால் இந்த மிச்சம் நேராகக் கல்லாவுக்கு வரும்.

இரண்டாவது, பழக்கம். ஒரு ரக விமானம் ஓட்டும் விமானி வேறு ரகத்தை ஓட்ட வேண்டுமென்றால் தனிப் பயிற்சி எடுத்துத் தனி உரிமம் பெற வேண்டும். ஏ320-க்கும் நியோவுக்கும் அந்த உரிமம் ஒன்றுதான். இருக்கும் விமானிகளை வைத்தே புதிய விமானத்தை ஓட்டலாம். பெரிய பயிற்சிச் செலவு இல்லை.

மூன்றாவது, ஸ்டாக். இரண்டு ரகப் பெரிய விமானம் வைத்திருந்தால் இரண்டு ரக உதிரி பாகம் வாங்கிப் போட வேண்டும். கடலுக்கு நடுவே இருக்கும் தீவுக்கு அவசரத்துக்கு ஒரு சாமான் வர வேண்டுமென்றால் நாள் ஆகும். ஆகவே ஸ்டாக் இல்லாமலும் முடியாது. நகராத சரக்கில் பணம் முடங்குவதன் கஷ்டம் நமக்குத் தெரியும். ரகம் குறைந்தால் முடக்கம் குறையும்.

நான்காவது, எண்ணிக்கை. ஏன் ஒன்று போதாது, இரண்டு வேண்டும்? ஒரே விமானம் இருந்து அது பழுதானால் அன்றைய வியாபாரம் முழுவதும் நின்றுவிடும். மாட்டிக்கொண்ட பயணிகளுக்குச் சாப்பாடு, தங்குமிடம், வேறு கம்பெனி டிக்கெட்டு என்று செலவு வேறு. இரண்டு இருந்தால் ஒன்று மற்றதற்குக் கைகொடுக்கும். மூன்றாவது இருந்தால் இன்னும் நிம்மதிதான். ஆனால் அது நிற்கும் நாளிலும் குத்தகை ஓடும். கடை பூட்டியிருந்தாலும் வாடகை கொடுத்தே ஆக வேண்டும் அல்லவா?

எந்த லைன் போவது?

வண்டி முடிவானால் லைன் பாதி முடிவான மாதிரி. 168 இருக்கைகள் உள்ள இந்த விமானத்தை வைத்துக்கொண்டு பாரிஸைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. மாஹேயை நடுவில் வைத்து நாலைந்து மணி நேரத்தில், மிஞ்சினால் ஆறேழு மணி நேரத்தில் எங்கெல்லாம் போகலாம் என்று வட்டம் போட்டார்கள். மொரீஷியஸ் இரண்டரை மணி. மும்பை நாலரை மணி. ஜோகன்னஸ்பர்க் ஐந்து மணி. 2019 நவம்பரில் டெல் அவிவ் சேர்ந்தது. பிறகு கொழும்பும் வந்தது.

இந்த ஊர்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. வளைகுடாக் கம்பெனி வழியாகப் போனால் பயணி சுற்றிப் போக வேண்டும். மொரீஷியஸ் போகிறவர் துபாய் போய்த் திரும்பி வருவாரா? மும்பையிலிருந்து மாஹேக்கு நேராக வரும் வழி இருக்கும்போது தோஹாவில் உட்கார்ந்து கொட்டாவி விடுவாரா? பெரியவர்கள் நேராக வராத தெருவில்தான் சிறியவருக்கு வியாபாரம். இதுதான் அந்தக் கம்பெனி கற்றுக்கொண்ட பாடத்தின் சாரம்.

அடுத்தது நேரப் பட்டியல். குத்தகை நாள் கணக்கில் ஏறுகிறது. ஆகவே விமானம் தரையில் நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பகலில் மொரீஷியஸ் போய் வந்தால் ஐந்து மணி நேரம். போன பணியாளர்களே திரும்பி வந்துவிடலாம், ஓட்டல் செலவு இல்லை. அதே விமானம் இரவில் மும்பை போய் வந்தால் ஒன்பது மணி நேரம். ஆக, ஒரு நாளில் பதினான்கு மணி நேரம் அது சம்பாதிக்கிறது. ஆனால் இப்படித் தினமும் நெருக்கிப் போட்டால் ஒரு தாமதம் அடுத்ததைத் தள்ளும், அது அதற்கடுத்ததைத் தள்ளும். ஆகவே வாரத்தில் ஓரிரு நாள் மூச்சுவிட இடம் வைக்க வேண்டும். ஒரே வேனில் நான்கு ஊர் சப்ளை ஒப்புக்கொண்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிறிய வண்டியின் பெருமை

இந்தக் கம்பெனியின் உண்மையான முதுகெலும்பு பெரிய விமானம் அல்ல. ட்வின் ஆட்டர் என்னும் 19 இருக்கை விமானம்தான். மாஹேயிலிருந்து பிராலின் தீவுக்குச் சுமார் 45 கிலோமீட்டர். படகில் போனால் ஒரு மணி நேரம், கடல் கொந்தளித்தால் குடலைப் புரட்டும். ட்வின் ஆட்டரில் பதினைந்து நிமிஷம். ஒரே நாளில் பல நடை.

இங்கே பெரிய விமானமாக ஒன்றை விட்டுவிட்டுச் சிறியதை ஏன் பல நடை விட வேண்டும் என்று கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து விமானங்கள் வெவ்வேறு நேரத்தில் வந்து இறங்குகின்றன. இறங்கிய பயணி ஒரு மணி நேரத்தில் பிராலினுக்குப் போக விரும்புவார். ஐம்பது இருக்கை விமானம் இருந்தால் அது நிறையும் வரை அவர் காத்திருக்க வேண்டும், அல்லது காலியாகப் பறக்க வேண்டும். பத்தொன்பது இருக்கை விமானமோ கூட்டம் வந்தபோது மூன்று நடை போகும், இல்லாதபோது ஒரு நடையோடு நிற்கும். குறுகிய ஓடுபாதையில் ஏறி இறங்குவதும் இதற்குச் சுலபம்.

இதிலும் வண்டி மாற்றும் கதை உண்டு. ட்வின் ஆட்டர் கனடாவில் தயாரானது. 1988-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்கு மாற்றாக எதுவும் சரியாக அமையவில்லை. உலகமெங்கும் தீவுகளிலும் மலைகளிலும் பழைய விமானங்களையே பழுது பார்த்து ஓட்டிவந்தார்கள். கடைசியில் வைக்கிங் என்ற கம்பெனி உரிமையை வாங்கி, 2010 முதல் 400 என்ற புதிய வரிசையில் மறுபடியும் செய்து கொடுத்தது. ஏர் செஷல்ஸும் இந்தப் புதிய வரிசைக்கு மாறியது. உப்புக் காற்று இரும்பையும் அலுமினியத்தையும் தின்னும் ஊரில் பழைய விமானத்தை இழுத்தடிப்பது லாபம் போலத் தெரியும் நஷ்டம். பழுது பார்க்க நிற்கும் நாள் கூடிக்கொண்டே போகும்போது, அதுதான் மாற்றும் நேரம். பார்க்க வேண்டியது வண்டியின் வயதை அல்ல. அது நின்ற நாட்களை.

பிராலின்வாசிகளுக்கு இந்த விமானம் உயிர்நாடி. அவசர நோயாளியை மாஹே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதும் இதில்தான். உள்ளூர்க்காரருக்குக் கட்டணம் குறைவு, வெளிநாட்டுப் பயணிக்கு அதிகம். ஊர்க்காரரிடம் விட்டதைச் சுற்றுலாக்காரரிடம் பிடிக்கும் கணக்கு அது.

கடன்காரர் முன்னால்

இவ்வளவு சரியாகச் செய்தும் பழைய கடன் கழுத்தில் தொங்கியது. 2021-இல் எத்திஹாத்தின் பங்கை அரசாங்கமே திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபரில் கம்பெனி நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. பத்திரக்காரர்களோடு பேரம் பேசி, அசலில் பெரும் பகுதியைத் தள்ளுபடி செய்யவைத்து, 2022 முடிவதற்குள் மீண்டு வெளியே வந்தார்கள். அந்த ஆண்டு லாபம் என்றும் அறிவித்தார்கள். கடன்காரர்கள் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் தெளிவாகத் தெரிகிறது. கம்பெனி ஏற்கெனவே சுருங்கி, அன்றாட வியாபாரம் நடத்தக்கூடிய அளவுக்கு வந்திருந்தது. மூடிவிட்டால் கிடைப்பதைவிட நடத்தவிட்டால் கிடைப்பது அதிகம் என்று அவர்களால் நம்ப முடிந்தது.

இதில் நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஐரோப்பியப் பயணி இனி வெளிநாட்டுக் கம்பெனியின் விமானத்தில்தான் மாஹேக்கு வர வேண்டும். அவர்கள் நினைத்தால் நடையைக் குறைக்கலாம், கட்டணத்தைக் கூட்டலாம். பெரிய விமானத்தின் வயிற்றில் போகும் மீனும் வரும் காய்கறியும் அவர்கள் தயவில்தான். அந்த அளவுக்கு நாட்டின் கை தாழ்ந்தது உண்மை. ஆனால் தன் கையில் இருந்தபோது ஆண்டுதோறும் அரசாங்கப் பணம் கரைந்ததும் உண்மை. ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைப் பிடிக்க முடிந்தது.

நமக்கு என்ன?

புதிய வேன் வாங்கவோ, பக்கத்து ஊரில் கிளை போடவோ, பெரிய கம்பெனியின் ஏஜென்சி எடுக்கவோ யோசித்துக்கொண்டிருக்கும் அங்கத்தினர்கள் கையெழுத்துப் போடுமுன் ஒரு தாளில் இவற்றை எழுதிப் பார்க்கலாம். இந்த வண்டி பாதி நிறைந்தால் தவணை கட்ட முடியுமா? சீசன் இல்லாத மாதத்தில் எவ்வளவு ஓடும்? இது நின்றுபோனால் மாற்று என்ன? நான் போகும் லைனில் மண்டிக்காரர் நேராக இறங்கினால் எனக்கு மிஞ்சுவது எது? கடன் என் பெயருக்காகக் கிடைக்கிறதா, அடுத்தவர் பெயரின் நிழலில் கிடைக்கிறதா? அவர் விலகினால் தவணையை யார் கட்டுவது?

ஏர் செஷல்ஸ் இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டுபிடிக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பின்னால் ஓர் அரசாங்கம் இருந்தது, அதனால் தாங்கியது. நம் கடைகளுக்குப் பின்னால் இருப்பது நம் வீட்டு நகையும் நம் பிள்ளைகளின் படிப்புச் செலவும்தான்.